யாருக்குத் தெரியக் கூடாது?

எங்கள் சமூக நல அலுவலகத்தில் ஒரு பெண் வந்து என் எதிரில் உட்கார்ந்ததும் நான் முதலில் கேட்க வேண்டியது அவள் பெயரை அல்ல. “நீங்க இங்க வந்தது யாருக்குத் தெரியக் கூடாது?” என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அடி வாங்கி வந்தவளாக இருந்தால் புருஷன் பெயரைத்தான் முதலில் சொல்வாள் என்று நினைப்பீர்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். கிடையாது. கொஞ்ச நேரம் மேஜையைப் பார்ப்பார்கள், மூக்கை உறிஞ்சுவார்கள், பிறகு சித்தி என்பார்கள், தங்கச்சி என்பார்கள், கூடப் படித்த சிநேகிதி என்பார்கள். அடித்தவன் மூன்றாவதாகவோ நாலாவதாகவோ வருவான். அவனுக்குச் சொல்லக் கூடாது என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அவனிடம் சேதியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்களுக்குத்தான் பயப்பட வேண்டும். அவர்கள் மேஜையைப் பார்க்கும் அந்த இடைவெளியில் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அடுத்த ஆள் காத்திருப்பாளே என்று எரிச்சலாக வரும்.

குடும்பம், குழந்தைகள் பிரிவு என்னுடையது. பிரிவில் இருக்கும் ஆறு பேரும் எல்லாக் கேஸையும் திறந்து பார்க்கலாம், ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் பார்க்க வேண்டுமே. யார் எந்தக் கேஸைத் திறந்தாலும் அவர் பெயர் அதில் பதிந்துவிடும். அதைக் கண்காணிக்க ஒரு அதிகாரி உண்டு. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூட்டு. யாராவது அவர் மேஜைக்குப் போனால் கையில் இருக்கும் காகிதத்தை உடனே கவிழ்த்து வைப்பார். ஒருமுறை கவிழ்த்ததை நான் திருப்பிப் பார்த்தேன், முந்தின நாள் செய்தித்தாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்தால் என் பிரிவையே காணோம். “இந்தப் பகுதியைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை” என்று சிவப்பாக ஒரு வரி. கணினிக்குத்தான் கோளாறு என்று பக்கத்து சீட்டுக்காரியின் திரையை எட்டிப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் வந்தது. நேராகப் பூட்டிடம் போனேன். அவர் எதையோ கவிழ்த்தார்.

“என்ன சார் இது? என் செக்‌ஷனையே காணோம்.”

“இனிமே முதியோர் பிரிவு பாருங்க மேடம்.”

“ஏன்?”

“சொல்ல முடியாது.”

“எவ்வளவு நாளைக்கு?”

“அதுவும் சொல்ல முடியாது.”

“நான் என்ன தப்பு பண்ணேன்னாவது சொல்லுங்க.”

“தப்பு பண்ணீங்கன்னு நான் சொல்லல. பண்ணலைன்னும் சொல்லல.”

வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டால்கூட இந்த மனுஷன் குடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். பல்லைக் கடித்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன். அதற்குள் விஷயம் அறை முழுக்கப் பரவியிருந்தது. பக்கத்து சீட்டுக்காரி, நேற்றுவரை என் சாப்பாட்டில் பாதியைத் தின்றவள், தோளைச் சாய்த்துத் தன் திரையை மறைத்துக்கொண்டாள். ஏதோ கேஸை வெளியே விற்றுவிட்டேன் என்று சாப்பாட்டு நேரத்தில் ஒருவன் சொன்னதாக இன்னொருவன் வந்து சொன்னான். அவமானமாக இருந்தது. இத்தனை வருஷம் வேலை பார்த்த ஒருத்தியைத் திருடியைப் போல ஓரங்கட்ட பூட்டுக்கு ஒரு விரல் அசைவு போதுமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மாவுக்குப் போன் செய்தேன். தினமும் அம்மாவிடம் கொட்டித் தீர்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். நான் தனிக்கட்டை. அம்மா அண்ணனோடு இருக்கிறாள். அண்ணன் வீட்டில் இப்போது அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். அண்ணி சில மாதங்களுக்கு முன்னால் தன் மகள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

போகச் சொன்னதே நான்தான். அண்ணனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சிரித்துக்கொண்டே கையை முறுக்குவான், சத்தம் போட்டால் இன்னும் கொஞ்சம் முறுக்குவான். அண்ணியின் மணிக்கட்டு உடைந்து ஒரு பக்கம் வளைந்தபடியே கூடிப்போயிருந்தது. கதவில் மாட்டிக்கொண்டதாகச் சொன்னாள். “உங்க வீட்டுக் கதவுக்கு அஞ்சு விரல் இருக்கா அண்ணி?” என்று கேட்டேன். அழுதாள். “ரெண்டு பை துணி, பாப்பாவோட சர்டிபிகேட். அவன் கடைக்குப் போனதும் கிளம்பிடு. போய்ச் சேர்ந்ததும் எனக்கு மட்டும் சொல்லு” என்றேன். கிளம்பிவிட்டாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அண்ணன் அவள் பிறந்த ஊரில் தேடினான், பெரியம்மா வீட்டில் தேடினான், பாப்பாவின் பழைய டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றான். “கிடைக்கட்டும், காலை உடைச்சு வீட்லயே உக்கார வெக்கறேன். அப்புறம் எங்க போவா?” என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அம்மா அதை என்னிடம் சொன்னாள், ஏதோ அவனுக்கு ஜுரம் வந்ததைச் சொல்வது போல.

அன்றைக்கு நான் பூட்டைத் திட்டத் திட்ட அம்மா உம் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“உன்னை மட்டுமாடி?”

“என்னை மட்டும்தான். நேத்து சேர்ந்தவன்கூட அந்தக் கேஸெல்லாம் பாக்கறான். எனக்குத்தான் கதவைச் சாத்திட்டான்.”

“பொம்பளைங்க, குழந்தைங்க கேஸா?”

“ஆமாம்மா. கிழவன் கிழவி கேஸைப் பாருன்னு தள்ளிட்டான், கடன்காரன்.”

“போனாப் போறான் விடு. நேரத்துக்குச் சாப்பிடு” என்றாள். எனக்கு மனசு லேசானது. நிம்மதியாகத் தூங்கினேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

புதன்கிழமை மதியம் காவலாளி வந்து, “மேடம், உங்க அண்ணன் வந்திருக்கார். சாப்பாடு கொண்டு வந்திருக்கார்” என்றான். ஹாலில் அண்ணன் மடியில் கேரியரோடு உட்கார்ந்திருந்தான். டயர் கடையை மதியத்தில் மூடிவிட்டு வருகிற ஆள் இல்லை அவன். ஒரு பஞ்சர் காசைக்கூட விடமாட்டான்.

“என்ன திடீர்னு?”

“அம்மா சொன்னாங்க, ஆபீஸ்ல உன்னை என்னமோ பண்றாங்களாம். பாவம், சரியாச் சாப்பிட மாட்டேன்னு கொண்டு வந்தேன்.”

வியாழக்கிழமையும் வந்தான். ஊழியரின் குடும்பத்தார் ஹாலில் உட்காரலாம் என்று எங்களுக்கு ஒரு சலுகை உண்டு. காவலாளிக்கு அவன் அதற்குள் மாப்பிள்ளை ஆகியிருந்தான், வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு அண்ணா ஆகியிருந்தான். “இந்தக் காலத்துல இப்படி ஒரு அண்ணனா! குடுத்து வெச்சவங்க மேடம் நீங்க” என்றாள் அவள். நான் சாப்பிட்டு முடித்த பிறகும் அவன் கிளம்பவில்லை. காற்று நன்றாக வருகிறது என்றான். ஹாலில் அன்றைக்கு ஏசி ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை நான் வாயில் ஒரு கவளத்தோடு அவனைப் பார்த்தேன். அவன் என் பக்கம் திரும்பியே உட்காரவில்லை. மூன்று நாளும் ஒரே நாற்காலிதான். அங்கிருந்து பார்த்தால் பக்கவாட்டுக் கதவு நேராகத் தெரியும். எங்களிடம் உதவிக்கு வருகிற பெண்கள் பெரிய வாசல் வழியாக வர மாட்டார்கள், அந்தக் கதவு வழியாகத்தான் வருவார்கள். அது திறக்கும்போதெல்லாம் அவன் கழுத்து நீண்டது.

“அண்ணா, நீ யாருக்காக உக்காந்திருக்க?”

அவன் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். “தங்கச்சிக்காகத்தான்.”

“பொய் சொல்லாத.”

“உன்னை மட்டும் ஏன் தள்ளி வெச்சாங்கன்னு நீ யோசிக்கவே இல்லையா?” குரலைத் தாழ்த்தி, கொஞ்சுவது போல் கேட்டான். “ஆறு பேர்ல உன் ஒருத்தி கண்ணுல மட்டும் படக் கூடாத கேஸ் யாருதா இருக்கும்? அம்மா சொன்ன உடனே எனக்குப் பொறி தட்டிச்சு. ஊரெல்லாம் சுத்தினேன், கடைசில பார்த்தா தங்கச்சி ஆபீஸ்லயே இருக்கா கழுதை. என்னிக்காவது ஒரு நாள் இந்தக் கதவு வழியா வந்துதானே ஆகணும்? சாப்பிடு, ஆறிடும்.”

கேரியரை அவன் பக்கம் தள்ளினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாயைத் திறந்தது நான், மாட்டிக்கொள்ளப் போவது அண்ணியும் பாப்பாவும். அவளுக்குப் போக்கிடம் வேறு இல்லை. எந்தத் தெரு என்று தெரியாது, ஆனால் அவள் இப்போது தங்கியிருக்கும் பக்கத்துக்கு எங்கள் அலுவலகம்தான் போல. நான் இருக்கிறேன் என்று தெரிந்தும் வந்திருக்கிறாள் என்றால் எவ்வளவு முடியாமல் வந்திருப்பாள்! வந்து யாரோ ஒருத்தர் எதிரில் உட்கார்ந்திருப்பாள். யாருக்குத் தெரியக் கூடாது என்று கேட்டிருப்பார்கள். மேஜையைப் பார்த்திருப்பாள். பிறகு முதலில் சொன்ன பெயர் என்னுடையதாகத்தான் இருக்கும்.

சுரீர் என்றது. தப்பிக்க வழி சொன்னவளையே சந்தேகப்பட்டாயா, நன்றி கெட்டவளே, என்று மனசுக்குள் அண்ணியைத் திட்டினேன். திட்டி முடிப்பதற்குள் எதிரில் கேரியரோடு உட்கார்ந்திருப்பவன் கண்ணில் பட்டான். அவள் என்னைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறாள்.

பூட்டின் அறைக்கு ஓடினேன். அவர் கவிழ்ப்பதற்குள் பேசிவிட்டேன்.

“சார், என் வாயாலதான் போச்சு. என்னைப் பிரிவுல இருந்து எடுத்ததை எங்கம்மாகிட்ட சொன்னேன். எங்கண்ணன் கண்டுபிடிச்சிட்டான். மூணு நாளா ஹால்ல உக்காந்து அந்தக் கதவையே பாத்துட்டிருக்கான்.”

“நீங்க யாரைப் பத்திப் பேசறீங்கன்னு எனக்குத் தெரியல மேடம்” என்றார். சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். “பக்கவாட்டுக் கதவைப் பூட்டுங்க. இன்னிக்கு மத்தியானம் வர வேண்டியவங்க எல்லாரையும் வர வேண்டாம்னு சொல்லுங்க. ஒருத்தரை இல்ல, எல்லாரையும். அடுத்த வாரம் எங்க சந்திக்கறதுன்னு நான் தனித்தனியாச் சொல்றேன்.”

“என் ஒருத்தியை மட்டும் ஏன் சார் எடுத்தீங்க? ஆறு பேரையும் எடுத்திருந்தா இவனுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?”

“ஆறு பேரையும் எடுத்தா வேலையை யார் பாக்கறது?” என்றார். இந்த ஆளுக்குத் தப்பு செய்தால் முகம் மாறும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. “அவர் எந்த உரிமைல ஹால்ல உக்காந்திருக்கார்?”

“ஊழியரோட குடும்பம்.”

“அதை நான் எடுக்க முடியாது மேடம். நீங்கதான் எடுக்கணும்.”

ஹாலுக்குப் போனேன். குரலைத் தாழ்த்தவே இல்லை. “இந்த ஆள் இனிமே என்னைப் பார்க்க வந்ததாச் சொன்னா உள்ள விடாதீங்க. இவன் எனக்காக வரல. பொண்டாட்டி கையை உடைச்சவன், இப்ப காலை உடைக்கத் தேடிட்டிருக்கான்” என்று காவலாளியிடம் சொன்னேன். வரவேற்புப் பெண்ணின் வாய் திறந்தபடி நின்றது. அண்ணன் நிதானமாக எழுந்தான், கேரியரை அடுக்கினான், கொக்கியை மாட்டினான். “உடம்பு சரியில்ல அவளுக்கு, பாத்துக்கோங்க மாப்ளே” என்று காவலாளியின் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனான்.

ஐந்தரை மணிக்கு வண்டி எடுக்கப் போனபோது என் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்தான். நல்ல வெளிச்சம். சாலையில் ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அருகே போகாமல் திரும்பியிருக்கலாம். எனக்கும் அவனுக்கும் ஒரே ரத்தம், எனக்கும் திமிர் உண்டு.

“எறங்குடா.”

என் கையைப் பிடித்தான். பிடித்த மாதிரியே தெரியாது, தங்கையை அழைத்துக்கொண்டு போகிற அண்ணன் மாதிரி இருக்கும். “எங்க இருக்கா?”

“தெரியாது.”

“ஆபீஸ்லயே இருக்க. தெரியாதா?”

“தெரியாதுடா. அதுக்குத்தான் என்னைத் தள்ளி வெச்சாங்க.”

“சொல்லு.” கொஞ்சம் முறுக்கினான். “சொல்லு தங்கச்சி.” இன்னும் கொஞ்சம்.

வீரமாக வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்று நினைக்க வேண்டாம். அந்த வலியில் எனக்குத் தெரு தெரிந்திருந்தால் தெருவைச் சொல்லியிருப்பேன், கதவு எண் தெரிந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். தெரியாது தெரியாது என்று கத்தினேன். கத்தக் கத்த, ஐயோ தெரியாமல் இருக்கிறதே, நல்லவேளை தெரியாமல் இருக்கிறதே என்று உள்ளே வேறொரு குரல் ஓடியது. பிறகு எலும்பு உடைந்தது. சத்தம் எனக்கே கேட்டது. காவலாளி தடியோடு ஓடி வந்தபோது அண்ணன் சாலையைக் கடந்துவிட்டிருந்தான். கேரியர் மட்டும் ஸ்கூட்டரின் காலடியில் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். போலீஸ் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு மறுநாளே விட்டுவிட்டது. அண்ணன் தங்கை தகராறாம். நான் வீட்டுக்குத் திரும்ப முடியாது, என் வீட்டுச் சாவி ஒன்று அம்மாவிடம் இருக்கிறது. ஊழியர் விடுதியில் ஒரு அறை கொடுத்தார்கள்.

அம்மா போன் செய்தாள். எடுத்ததும் அழுதாள். நானும் அழுதேன். கை ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டாள், யார் தலை வாரி விடுகிறார்கள் என்று கேட்டாள். அந்தக் குரல் போதும், எழுந்து ஓடிப்போய் அவள் மடியில் விழுந்துவிடலாம் போல இருந்தது.

“அவன் கோவத்துல புடிச்சிட்டான்டி. உன் எலும்பு சின்ன வயசுல இருந்தே பூஞ்சை. கேஸு கீஸுன்னு போயிடாத. அவனும் பாவம், பொண்டாட்டி புள்ளையத் தேடி இன்னும் நாயா அலையறான்.”

இன்னும் அலைகிறான் என்றால் இன்னும் கிடைக்கவில்லை. அண்ணியைப் பற்றி எனக்கு வரக்கூடிய ஒரே நல்ல சேதி அதுதான், அதுவும் அம்மா வாயிலிருந்துதான் வந்தது.

“அது சரி, நீ இப்ப எங்க தங்கியிருக்க? தலை வாரிவிட்டு, ரெண்டு வாய் ஊட்டிட்டு வந்துடறேன். எனக்கு மட்டும் சொல்லு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அவள் பொய் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டு வருவாள். திரும்பிப் போனதும் அவன் சாப்பிட உட்கார்ந்து, தங்கச்சி எப்படியிருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று சொல்லி போனை வைத்தேன்.

பக்கத்து சீட்டுக்காரி பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். முகம் கொடுத்துப் பேசக் கூச்சப்பட்டு, பூட்டைத் திட்டித்தான் பேச்சை ஆரம்பித்தாள். “அந்தாளுக்கு முத்திடுச்சுடி. இந்த வாரம் என்னைப் பிரிவுல இருந்து எடுத்துட்டான். அடுத்த வாரம் வேற யாராம். வாரம் ஒருத்தர், காரணமே கிடையாதாம். எங்க வீட்டுல கேக்கறாங்க, நீ என்ன திருடினேன்னு.” எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கை வலித்தது. இனிமேல் எந்த அண்ணனும் எந்த அம்மா சொல்வதைக் கேட்டும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு எலும்பு உடைந்த பிறகு வந்த யோசனை.

மறுநாள் பூட்டு வந்தார். பழம் கிழம் ஒன்றும் இல்லை, மடிக்கணினி மட்டும்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு, திரை என் பக்கம் தெரியாதபடி மடியில் வைத்துக்கொண்டார்.

“உங்களை ஒரு கேஸாப் பதியணும் மேடம். நம்ம ஆபீஸ்ல வேண்டாம், வேற ஆபீஸுக்கு அனுப்பறேன். அங்க யார் பாப்பாங்கன்னு எனக்கே தெரியாது.”

“பதிங்க.”

“கேள்வி உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும். இருந்தாலும் கேளுங்க.”

“நீங்க இங்க இருக்கறது யாருக்குத் தெரியக் கூடாது?”

இந்த அறையில் மேஜை இல்லை. கட்டிலின் விளிம்பைப் பார்த்தேன். எத்தனை பெண்களை இந்த இடைவெளியில் உட்கார வைத்துவிட்டுக் கடிகாரம் பார்த்திருக்கிறேன்! பூட்டு கடிகாரத்தைப் பார்க்கவில்லை. விரல்களை விசைப்பலகை மேல் வைத்தபடி எவ்வளவு நேரமானாலும் சரி என்பது போல உட்கார்ந்திருந்தார். படுக்கையின் மேல் என் போன் அதிர ஆரம்பித்தது. யாரென்று பார்க்காமலே தெரிந்தது. சாயங்காலம், நாங்கள் பேசும் நேரம்.

“அம்மா” என்றேன்.

அவர் அதைத் தட்டினார். போன் அதிர்ந்து ஓயும்வரை காத்திருந்தார்.

“அடுத்தது?”